முந்திக்கொண்ட பீப்

காலை 10.05. பதிப்பகத்தின் கணினி அறையில், புது ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கியது. ஓர் எழுத்தைத் தட்டினால் திரையில் வர அரை நிமிடம் ஆனது. ஃப்ளாப்பி மட்டும் ஓயாமல் கரகரத்தது.

"இந்தக் குட்டி மெஷினுக்கு இது தாங்காது. பழைய சிஸ்டமே போதும். நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்மா" என்றார் மேலாளர்.

அதை எழுதிய புரோகிராமர் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "நேத்து நல்லா ஓடுச்சு சார்! ஒரு பக்கம் பிரிண்ட் ஆகும்போதே அடுத்த பக்கத்தை டைப் பண்ணேன்."

பழைய சிஸ்டத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். அதனால்தான் அங்கே ஆறு டைப்பிஸ்டுகளுக்குப் பிழைப்பு ஓடியது.

தலைமை டைப்பிஸ்ட் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. தினமும் மெஷினைப் போடுவது அவர்தான். போட்டதும் அது தன் மெமரியை எண்ணிப் பார்த்து, முடித்ததும் 'பீப்' என்னும். அதற்குள் மூக்குக்கண்ணாடியின் இரண்டு வில்லைகளையும் துடைத்துவிடுவார். இன்றோ முதல் வில்லையைத் துடைக்கும்போதே பீப் வந்துவிட்டது.

10.20. "காலைல யாரும்மா உள்ள வந்தது?" என்று அக்கா புரோகிராமர் பெண்ணிடம் கேட்டார்.

"கூட்டுற அம்மா. அப்புறம் கரண்ட் பாக்க அண்ணன்."

அண்ணன் என்றது எலக்ட்ரீஷியனை. அவர் அக்காவின் கணவர்.

10.35. "என்னங்க, அந்த சிஸ்டம் ஏன் இப்படி நொண்டுது?"

"பின்ன? அறுபத்து நாலு கே மெமரில அது எப்படி ஓடும்? பேராசை!"

அக்கா திரும்பி நடந்தார். வாயை மூடிக்கொண்டால் வீடு தப்பும். அந்தப் பெண் தெருவில் நிற்பாள்.

11.00. அக்கா எல்லாரையும் கூட்டி மெஷினைத் திறக்கச் சொன்னார். கூடுதல் மெமரி அட்டை இருந்த இடம் காலி.

"பீப் சீக்கிரம் வந்துச்சு சார். எண்ணறதுக்கு மெமரி குறைஞ்சுபோச்சு. போன மாசம் அட்டை போட்டதிலேர்ந்து இதுல இருநூத்தம்பத்தாறு கே. இன்னைக்கு அறுபத்து நாலுன்னு, திறக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு." கணவர் பக்கம் திரும்பினார். "அட்டையைக் குடுங்க."

எலக்ட்ரீஷியன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "உன் வேலை போயிடும்னுதான்டி..."

"தெரியும்ங்க."

11.40. சிஸ்டம் ஜோராக ஓடியது. புரோகிராமர் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேலாளர் நின்றபடியே அக்காவிடம் இரண்டு கடிதங்களை அடிக்கச் சொன்னார்.

கணவரின் வேலைநீக்கக் கடிதம் அச்சாகிக்கொண்டிருக்கும்போதே, அக்கா இரண்டாவதை அடித்தார். அது இனித் தேவைப்படாத நான்கு டைப்பிஸ்டுகளுக்கானது. முதல் பெயர் அவருடையது.