முதல் சுரத்துக்கு முந்திய மூச்சு

சின்மயி மூச்சை இழுப்பதற்கு முன்பே யாரோ மூச்சை இழுத்தார்கள்.

ஈவ்லினின் விரல்கள் அதை நம்பி இறங்கிவிட்டன. பியானோ மட்டும் தனியாக ஒலித்தது. மற்ற இருவரும் வந்து சேராததால், அந்த ஒலி கூடத்தின் நடுவே துணையில்லாமல் நின்று, மெல்லத் தேய்ந்தது.

"மேம், நான் இன்னும் ஸ்டார்ட் பண்ணவே இல்ல." சின்மயியின் வில் தந்திகளுக்கு மேலே காற்றில் நின்றிருந்தது.

"ஃப்ளைட் அடுத்த மாசம்தான் ஈவ்லின். இப்பவே ஏன் ஓடற?" முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திய செல்லோவுக்குப் பின்னாலிருந்து எபி சிரித்தான்.

ஈவ்லினும் சிரிக்க முயன்றாள். அது மூச்சுதானா? ஜன்னலுக்கு வெளியே மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஈரத் துணி எதுவோ உரசியிருக்கலாம். ஆனால் அவள் காதுக்கு அது பழக்கமான ஒலி. பியானோ, வயலின், செல்லோ என்று மூன்றே பேர் வாசிக்கும் குழுவில் முன்னால் நின்று கைவீசி நடத்த ஆள் கிடையாது. வயலின்காரர் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். அது முடியும் இடத்தில் மூவரும் சேர்ந்து இறங்க வேண்டும். இத்தனை வருடங்களாக அந்த மூச்சு ஆபேலுடையதாக இருந்தது. இப்போது அவன் இடத்தில் சின்மயி.

கிழக்குத் தாம்பரத்தில் ஈவ்லின் வீட்டின் இதே கூடத்தில்தான் அவர்கள் குழுவைத் தொடங்கினார்கள். கல்யாண வரவேற்புகளில் ஐஸ்கிரீம் வரிசைக்குப் பக்கத்தில் வாசித்தார்கள். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் ஆண்டுவிழாவில், இருபது நிமிடம் வாசித்து முடித்த பிறகு, "சரி, பாடறவங்க எப்ப வருவாங்க?" என்று மேலாளர் கேட்டார். ஆபேல் அதை வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கடைசியில் ஐரோப்பாவில் ஒரு இசைவிழாவுக்கு ஒரு பதிவை அனுப்பினார்கள். நடுவில் வெட்டாமல், ஒட்டாமல் வாசித்த பதிவு வேண்டும் என்பது விதி. தேர்வாகிவிட்டோம் என்ற செய்தி வந்தபோது ஆபேலை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"ஃபேன் போட்டுக்கலாமா மேம்? வேர்க்குது," என்றாள் சின்மயி.

"வேணாம்." அந்தச் சொல் வாயிலிருந்து தானாக வந்தது. "பேப்பர் பறக்கும்."

 பதிவு செய்த அன்றைக்கும் ஆபேலிடம் இதே சொல்லைத்தான் சொன்னாள்.

அது மே மாதப் பிற்பகல். சாலையின் ஹாரன் சத்தம் மைக்கில் விழாமலிருக்க ஜன்னல்களை எல்லாம் மூடியிருந்தார்கள். மின்விசிறியும் ஏசியும் நிறுத்தப்பட்டிருந்தன. கூடத்தில் வியர்வையும் தூசியும் வார்னிஷும் கலந்த வெக்கை. ஆபேலுக்கு இளைப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று பதிவைக் கெடுத்தது: ஒருமுறை விமானம், ஒருமுறை பக்கத்து வீட்டுக் குக்கர். பிறகு திடீரென்று வெளியே எல்லாம் அடங்கியது. அப்படியொரு அமைதி அந்தத் தெருவில் வாய்த்ததே இல்லை. ஆபேல் வயலினை உயர்த்தினான். மூச்சை இழுத்தான்.

அது தொடங்குவதற்கான மூச்சு இல்லை.

மூக்கால் வரவேண்டியது வாயால் வந்தது. நீளமாக, அடியில் மெல்லிய விசிலோடு. அவன் கண்கள் மின்விசிறியின் சுவிட்சைப் பார்த்தன. எபி அமர்ந்திருந்த இடத்திலிருந்து ஆபேலின் முதுகுதான் தெரியும். ஈவ்லினுக்கு முகம் தெரிந்தது. அவளுக்குப் புரிந்தது. புரிந்துதான் விரல்களை இறக்கினாள்.

எபி உடனே சேர்ந்துகொண்டான். ஆபேலும் சேர்ந்துகொண்டான். ஆரம்பித்ததை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது அவர்களுடைய பழக்கம். அதுதான் அவர்கள் வாசித்ததிலேயே அழகான வாசிப்பு. முடிந்ததும் ஆபேல் நாற்காலியில் சரிந்து, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான். அன்றிரவு ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை.

பதிவை அனுப்புவதற்கு முன் ஈவ்லின் அதன் தொடக்கத்தை நறுக்கினாள். முதல் சுரத்திலிருந்து ஆரம்பிக்கும்படி. அது விதிக்கு உட்பட்டதுதான். நறுக்கிய துண்டை அன்றே அழித்தாள். அதைச் செய்யும்படி எந்த விதியும் சொல்லவில்லை.

பியானோ மேல் கைப்பேசி அதிர்ந்தது. தபீதாள். ஆபேலின் மனைவி.

"அக்கா, ப்ராக்டிஸ்ல இருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"சொல்லும்மா."

"நீங்க அனுப்பின ரெக்கார்டிங்ல ஆரம்பத்துல அவர் மூச்சு இழுக்கறது வரவே இல்லையே. வீட்ல அது கேட்டாதான் நான் மிக்ஸிய ஆஃப் பண்ணுவேன், அய்யா ஆரம்பிச்சுட்டார்னு." சிறிது சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "முழுசா இருந்தா அனுப்புங்கக்கா. அந்த மூச்சு மட்டும் போதும்."

இப்போது சொல்லிவிடலாம் என்று ஈவ்லினுக்குத் தோன்றியது. சொன்னால் தபீதாள் என்ன செய்வாள்? எபி செல்லோவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்விடுவான். விழா இல்லை. குழு இல்லை.

"இல்லம்மா. அது ரெக்கார்டே ஆகல."

கைப்பேசி வலது காதில் இருந்தது. இடது காதுக்கு வெகு அருகில் யாரோ மூச்சை இழுத்தார்கள். வாயால். அடியில் விசிலோடு.

கைப்பேசியை வைத்துவிட்டு அவள் முறையாகத் தேடினாள். பிரிட்ஜின் இணைப்பைப் பிடுங்கினாள். ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். குளியலறைக் குழாயை இறுக்கினாள். சமையலறையில் நின்று காது கொடுத்தாள். மழை. தூரத்தில் மின்சார ரயில். வேறொன்றும் இல்லை. திரும்பி வந்து முக்காலியில் அமர்ந்தாள். மறுபடியும் கேட்டது. பியானோவுக்கு முன்னால் அமர்ந்தால் மட்டும்.

"எபி, அன்னிக்கு ரெக்கார்டிங்ல..."

"ம்?"

அவன் முகம் நிம்மதியாக இருந்தது. விசா வந்ததிலிருந்து அப்படித்தான் இருந்தான்.

"ஒண்ணுமில்ல."

சொல்லி முடித்ததும் காற்று குறைந்தது. அறையில் அல்ல, அவளுக்கு மட்டும். கழுத்துக்குக் கீழே ஏதோ கதவு சாத்திக்கொண்டதைப் போல.

"ஃபேன் போடு," என்றாள். "சின்மயி, ஃபேன் போடு. ஃபுல்லா வை."

சின்மயி எழுந்து போட்டாள். மின்விசிறி சுழன்றது. சின்மயியின் தாள்கள் படபடத்தன. எபியின் நெற்றி முடி பறந்தது. ஈவ்லினுக்கு முன்னால் இருந்த தாள்கள் அசையவில்லை. வியர்வை காயவில்லை. ஒரு துளிக் காற்றும் அவள்மேல் படவில்லை.

"ரெடியா மேம்?"

நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. மூச்சுதான் வந்தது. உள்நோக்கி. நீளமாக. விசிலோடு. அவளுடைய வாயிலிருந்தே.

எபியும் சின்மயியும் அதன் முடிவில் சரியாக இறங்கினார்கள்.

என்ன அழகு. இத்தனை நாளாக வராத இணக்கம். எபி கண்களை மூடிக்கொண்டான். சின்மயியின் முகம் மலர்ந்தது. ஈவ்லினின் கைகள் வாசித்தன. அவள் வாசிக்கவில்லை; கைகள் வாசித்தன. மூச்சு இன்னும் உள்ளேதான் போய்க்கொண்டிருந்தது. வெளியே வரவில்லை. போய்க்கொண்டே இருந்தது.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவளுடைய இடது தோளில் கனமாக ஒன்று அமர்ந்தது. ஒரு தாடை. சவரம் செய்யாத தாடை. வாகாகப் பொருந்தும்வரை ஒருமுறை அசைந்து, பிறகு அழுந்தியது. வில்லில் தேய்க்கும் ரோசினின் வாசனை. குளிர்ந்த நான்கு விரல்கள் அவள் கழுத்தின் பக்கவாட்டில் மேலும் கீழும் நகர்ந்து, தங்களுக்கான இடங்களைத் தேடிப் பிடித்து, நரம்புகளை அழுத்தி நின்றன.

அப்புறம், குரல்வளையின் குறுக்கே, மிக மெதுவாக, ஒரு வில் வந்து படிந்தது.