ஆறாத செவி

காலையில் நிறைமதி தன் இருக்கையில் உட்கார்ந்து, மணிக்கட்டில் மெய்மானியைக் கட்டிக்கொண்டு, ஹெட்போனை மாட்டினாள். அவளுக்கு முன்னால் திரை எதுவும் கிடையாது. கேட்பதுதான் வேலை. முதல் வீட்டில் ஒரு பிள்ளை இட்லி வேண்டாம் என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. அம்மாக்காரி அதற்கு மேல் கத்தினாள். நிறைமதிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல வீடு. அடுத்த வீட்டுக்குப் போனாள்.

கடல் உள்ளே புகுந்து தூத்துக்குடி மேட்டுக்கு ஏறிக்கொண்ட பிறகு கட்டிய அடுக்ககங்களில், பிள்ளை இருக்கும் வீட்டுக் கூரைகளில் எல்லாம் ஒரு காதுப்பொட்டு உண்டு. சட்டம் அப்படி. ஆரம்பத்தில் அந்தரங்கம், உரிமை என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்கள். பிறகு வழக்கம்போலப் பழகிக்கொண்டார்கள். அடி, அலறல், உடையும் பாத்திரம் எதுவானாலும் பொட்டு கண்டுபிடித்துவிடும். யாரும் சொல்லாமலே காவல் அணி கிளம்பி வந்துவிடும். ஒன்றே ஒன்றுதான் இயந்திரத்துக்குப் பிடிபடவில்லை. மிக மோசமான வீடுகளில் பிள்ளைகள் அழுவதே இல்லை. அந்த வீடுகளுக்கெல்லாம் அது 'அமைதி' என்று பச்சை போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அதற்காக வந்ததுதான் செவியகம். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து சிறுவயதில் மீட்கப்பட்டவர்களை மட்டுமே அங்கே செவியாளர்களாக எடுத்தார்கள். கெட்ட வீட்டின் சத்தம் காதில் விழுந்தால், என்ன ஏதென்று மனம் யோசிப்பதற்குள் அவர்கள் உடம்பு உணர்ந்துவிடும். வயிறு இறுகும், விரல் நுனி குளிரும். மெய்மானி அதைக் குறித்துக்கொள்ளும். இரண்டு செவியாளர்களின் உடம்பு ஒரே வீட்டுக்கு ஒத்துப்போனால் அந்தக் கதவு திறக்கப்படும். 'உங்கள் காயம், ஒரு குழந்தையின் கவசம்' என்று செவியக வாசலில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். எழுதிய புண்ணியவானுக்குக் கீறல்கூட இருந்திருக்காது.

பதினைந்து வருடம் கேட்டு முடித்தவர்களுக்கு ஆற்றுகை கிடைக்கும். மூளைக்குள் பயம் குடியிருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்துத் தணிக்கும் சிகிச்சை அது. நடந்தது எதுவும் மறந்துபோகாது. அடுத்த தெருவில் யாருக்கோ நடந்த சங்கதி போல ஆகிவிடும். அதோடு அந்தக் காதும் போய்விடும். நிறைமதியின் முறை மறுநாள் காலை வருவதாக இருந்தது.

அவள் அதற்குத் தவித்தது தனக்காக இல்லை. மகள் துளிருக்குப் பத்து மாதம். போன வாரம் குழந்தை கிண்ணத்தைத் தரையில் அடித்து அடித்துச் சிரித்தபோது, நிறைமதியின் கை தானாகப் போய் அதன் வாயைப் பொத்திக்கொண்டது. சத்தம் வரக் கூடாது, வந்தால் அப்பா வந்துவிடுவார். அந்த அப்பா செத்தே பல வருடம் ஆகிறது. கணவன் அகரன் ஓடி வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து குழந்தையோடு தனியாக இருக்க அவளுக்குப் பயமாக இருந்தது. தன் கையைக் கண்டே அவள் பயந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்த வீடு வந்தது. ஒன்பதாம் அடுக்ககம், நான்காவது மாடி. அப்பா, அம்மா, ஒரு பையன். "இன்னும் கொஞ்சம் சோறு வச்சுக்கோ ராசா" என்றார் அப்பா. இதமான குரல். அவர் தண்ணீர் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார், டக்கென்று கேட்டது. அம்மா கரண்டியைப் போட்டாள், கணீரென்றது. பையனும் தண்ணீர் குடித்தான். மடக் மடக்கென்று விழுங்குவது கேட்டது. டம்ளரை வைக்கும் சத்தம் மட்டும் வரவே இல்லை.

சுண்டுவிரலை அடியில் கொடுத்து, டம்ளரை அதன்மேல் இறக்கி, பிறகு விரலை மெல்ல உருவிக்கொள்ள வேண்டும். இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. தெரிந்த பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்று நிறைமதிக்குத் தெரியும். மெய்மானி சிவந்தது.

கண்காணிப்பாளர் ரமீஜா உடனே வந்தார். வேறொரு செவியாளரைக் கேட்க வைத்தார். அந்தப் பெண்ணின் மெய்மானி அசையவில்லை.

"நிறை, அவ வீட்டுல சத்தம் போட்டு அடிச்சவங்க. மெல்லப் பேசுத ஆளு அவளுக்குப் பிடிபடல" என்றார் ரமீஜா. "இன்னொரு செவி ஒத்துக்காம நான் கதவைத் திறக்க முடியாது. அடுத்த வாரம் திரும்பக் கேப்போம்."

"அடுத்த வாரம் எனக்குக் கேக்காதே மேடம்."

"அப்போ முறையைத் தள்ளிப் போடு. மூணு வருஷத்துல மறுபடி வரும்லா."

மூன்று வருடம். நிறைமதி அந்த வீட்டின் ஒலிப்பதிவை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். அங்கே எட்வின் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். போன வருடம் வரை செவியகத்தின் முதல் காது அவர். ஆற்றுகைக்குப் பிறகு வேறு வேலை பிடிக்காமல் கேன்டீனை எடுத்துக்கொண்டார். இப்போது நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார், கரகரத்த குரலில் பாடவும் செய்தார். அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அவள் பதிவைப் போட்டுக் காட்டினாள்.

எட்வின் கண்ணை மூடிக் கேட்டார். "ஒண்ணும் தெரியலம்மா. நல்ல வீடு மாதிரிதான் இருக்கு."

"கெட்ட வீடு அண்ணே."

அவர் டீக் குவளையைத் துடைத்துக் கவிழ்த்தார். "நீ சொல்லுதேல்லா, போதும். வா, போயிட்டு வருவோம்."

சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனார்கள். மாடிப்படி முடியும் இடத்தில் நிறைமதியின் கால்கள் நின்றுவிட்டன. கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. உள்ளே அந்த மனிதர் தொண்டையைச் செருமினார். அவளுக்கு அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. எட்வின் எந்தத் தயக்கமும் இல்லாமல் போய்க் கதவைத் தட்டினார்.

"வாங்க சார்" என்றார் அந்த அப்பா. செவியகத்தில் இருந்து சும்மா விசாரிக்க வந்தோம் என்றதும், "தாராளமா" என்று எட்வினை உள்ளே அழைத்து, பையனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். எட்டு வயதிருக்கும்.

"நல்லாருக்கியா தம்பி?"

"நல்லாருக்கேன் அங்கிள்" என்றான் பையன். அழகாகச் சிரித்தான்.

எட்வின் திரும்பி, படியருகே நின்ற நிறைமதியைப் பார்த்தார். அவருக்கு இது நல்ல வீடாகத்தான் படுகிறது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அப்பா பையனின் பிடரியில் மெல்லக் கையை வைத்தார். "அப்போ போயிட்டு வாரீங்களா சார்?"

நிறைமதி வாயைத் திறந்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு அலறினாள். முப்பத்துமூன்று வருடத்தில் அவள் போட்ட முதல் சத்தம் அது, அடிவயிற்றிலிருந்து வந்தது. அலறிக்கொண்டே உள்ளே ஓடினாள். பொட்டுக்குச் சத்தம் வேண்டும் என்று எட்வினுக்குச் சட்டென்று விளங்கியது. அங்கிருந்த எவர்சில்வர் குடத்தைத் தூக்கித் தரையில் அறைந்தார், மறுபடி அறைந்தார். "சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்க" என்று அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினார். கூரையில் பொட்டு சிவந்தது.

காவல் அணி சில நிமிடங்களில் வந்தது. பையனின் சட்டையைக் கழற்றிய பெண் காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவரை அவன் அப்பாவின் காலுக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தான். "ஏன் கத்துனீங்க?" என்று நிறைமதியிடம் கேட்டான். அவளை வெறுப்பது அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. அவளுக்கு அது வலித்தது, ஆனால் கோபம் வரவில்லை. ஏழு வயதில் கதவு திறக்கப்பட்ட அன்று அவளும் அப்பாவின் வேட்டியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவனைக் கீழே அழைத்துப் போனபோது ரமீஜா வந்து சேர்ந்தார். பையன் செருப்போடு படியிறங்கினான்; சத்தமே இல்லை. ரமீஜா பார்த்துக்கொண்டே நின்றார். "என்ன காது இருக்கும் இவனுக்கு" என்று அவரையறியாமல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

நிறைமதி திரும்பினாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. "இவனுக்கு ஆற்றுகை எப்போ மேடம்?"

"பிள்ளைகளுக்குக் கிடையாதுல்லா. விதி."

சின்ன மூளை தாங்காது என்றுதான் அவளுக்கும் சொல்லியிருந்தார்கள். "டாக்டருங்க போட்ட விதியா?"

ரமீஜா தரையைப் பார்த்தார். "டாக்டருங்க ஆறு வயசுலயே செய்யலாம்னு சொன்னாங்க. செவியகம்தான் வேண்டாம்னுட்டு. பிறகு கேக்கக் காது கிடைக்காதுல்லா."

"அப்போ எனக்கும் அன்னைக்கே செஞ்சிருக்கலாம்."

ரமீஜா ஆமாம் என்பதுபோல் தலையசைத்தார்.

நிறைமதி எட்வினிடம் திரும்பினாள். "அண்ணே, இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா" என்றார் எட்வின். "ஆத்தி முடிச்ச பிறகு கேட்டேன், மறைக்காம சொல்லிட்டாங்க. அநியாயம்னு நல்லாப் புரிஞ்சுது." அவர் ஒரு கணம் தேடிப் பார்ப்பவர் போல நின்றார். "கோபந்தான் வரல."

அவர் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர். அவர் முகத்தில் நிம்மதி மட்டுமே இருந்தது. நாளை இந்த நேரம் தன் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று நிறைமதிக்குத் தோன்றியது. அப்பா அடித்தது சில வருடம். ஆற மருந்திருந்தும் ஆறவிடாமல் வைத்திருந்தது இருபத்தாறு வருடம். இப்படி ஓர் ஆத்திரம் அவளுக்கு இதுவரை வந்ததில்லை. நாளைக் காலை அதையும் சேர்த்துத் தணித்துவிடுவார்கள்.

"நாளைக்கு வரமாட்டியா நிறை?" என்று கேட்டார் ரமீஜா.

"வருவேன் மேடம். எம்பிள்ளையப் பயமில்லாமத் தூக்கணும்லா." அவள் மெய்மானியை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள். "அண்ணே, மத்த செவியாளருங்க வீடெல்லாம் உங்களுக்குத் தெரியும்லா? எனக்குக் கோபம் இருக்கும்போதே எல்லாருட்டயும் சொல்லிரணும்."

ஆகப் பக்கத்தில் இருந்த செவியாளரின் வீட்டிலிருந்து எட்வின் சொல்லத் தொடங்கினார். அவர் விலாசத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நிறைமதி படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.