முதுகுக் குரும்பை

"ஐயோ, என்ரை தம்பிக்குச் சூனியம் வைச்சிட்டாளே!"

உப்புவெளிக் கரையில் காயப்போட்ட கருவாடெல்லாம் துள்ளி விழும்படி அலறினாள் வள்ளியம்மா. துவைக்க எடுத்த தம்பியின் பெனியனில், முதுகுப் பக்கம், வைத்துத் தைத்திருந்தது ஒரு தென்னங்குரும்பை! கோழிமுட்டை அளவுதான். கதை பக்கத்து வீட்டை எட்டுமுன் அது மண்டையோடாகிவிட்டது.

குசினியில் அடுப்பூதிக்கொண்டிருந்த தம்பி பெண்சாதி பாக்கியம் வாசலுக்கு வந்தாள்.

"வாயைத் திறவன்டி! பகலெல்லாம் தூங்கி விழுறாய், சோத்தை எரிக்கிறாய்... அவன்ரை விலாவெல்லாம் கிள்ளின காயம்! இப்ப இது வேறை! போ, சாம்பல்தீவுக்கு உன்ரை தாய் வீட்டை போ!"

பாக்கியம் உண்மையை எப்படிச் சொல்வாள்? நித்திரையில் புருசனுக்கு மூச்சு நின்றுபோகிறதென்று தெரிந்தால், சம்மாட்டி அவனைத் தன் மீன்பிடி வள்ளத்தில் ஏற்றுவாரா? மல்லாந்தால் தொண்டை அடைக்கும், சரித்துப் படுக்கவையுங்கோ, வயிறும் சாராயமும் குறையவேணும் என்று டொக்டர் சொன்னதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. குரும்பை உறுத்தினால் மனுசன் தானாகச் சரிவான் என்பது அவளுடைய சொந்த மூளை. அவனிடமோ, "முதுகுப் பிடிப்புக்கு நல்லது" என்று சொல்லிவைத்திருந்தாள்.

அழுதபடி சீலைகளை மூட்டை கட்டினாள். நான் போனால் இவரை யார் எழுப்புவது?...

அந்த நேரம் பார்த்துக் கடலால் வந்த புருசன் சிவகுருநாதன், ஒன்றும் விளங்காமல், வெறும் மேலோடு பாயில் மல்லாந்தான். உடனே குறட்டை! கூரைக் கிடுகு எழும்பி எழும்பி இருந்தது. வெள்ளைக்காரன் போனபிறகும் துறைமுகத்தில் நின்ற கப்பலொன்று, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணிப் பதிலுக்குச் சங்கு ஊதியது.

சட்டென்று குறட்டை நின்றது.

"அப்பாடா..." என்றாள் வள்ளியம்மா.

பாக்கியம் மூட்டையை எறிந்துவிட்டு ஓடினாள். கிள்ளினாள், உருட்டினாள். "மூச்சு விடுங்கோப்பா!..." நெஞ்சு அசையவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. வள்ளியம்மா பெனியனும் கையுமாக ஓடிவந்தாள்.

பிறகு, திமிங்கிலம் மூச்செறிந்தது போல ஒரு இழுப்பு!

சிவகுருநாதன் கண்ணைக் கசக்கினான். "ஏன் அழுறியள்? ஆர் செத்தது?"

"நீதான்டா!" என்றாள் அக்கா. பாக்கியத்தின் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு காலமாடி இது?"

"கலியாணம் முடிச்ச நாளில இருந்து, மச்சாள். கண்ணை மூடினா இவர் போயிடுவார் எண்டு பயம்..."

வள்ளியம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் கடல் ஒரு முழம் ஏறிற்று.

"பாவி நான்... நீ போய்ப் படு. நான் இருந்து கிள்ளுறன். சின்னனில என்னைக் கடிச்ச கடிக்கும் சேத்துக் கிள்ளுறன்!"

குரும்பைப் பெனியனைத் தம்பிக்குத் தானே மாட்டி, சரித்துப் படுக்கவைத்தாள். அவன் சத்தமின்றித் தூங்கினான். பாக்கியமும் தலை சாய்த்தாள்.

கூரைக் கிடுகு மறுபடி எழும்பியது.

வள்ளியம்மா தம்பியைப் பார்த்தாள். குறட்டை அவனுடையதில்லை. பாக்கியத்தைப் பார்த்தாள்... எழும்பி, இன்னொரு குரும்பை பொறுக்கத் தென்னையடிக்கு நடந்தாள்.