நிறம் பூசாத மரத்துண்டு

"ஏங்க, காலை எடுங்க! ஆந்திராவை மிதிச்சுக்கிட்டு நிக்கிறீக!"

வெளியே கொட்டுகிற மழை. தேனி பஸ் ஒரு பள்ளத்தில் குலுங்கியதில், பாண்டீஸ்வரியின் பை அவிழ்ந்து, மரத்துண்டுகள் சீட்டுக்கடியில் சிதறிவிட்டன. பக்கத்தில் நின்றவன் பதறிக் காலைத் தூக்கினான். நனைந்த தலை... சிரிக்கிற கண்கள். அடேயப்பா, என்ன கண்கள்! கோபத்தில் இருக்கும்போது இதையா கவனிப்பது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஆந்திரா தப்பிச்சுருச்சு. இந்தாங்க மலபார்... இது கன்னியாகுமரி. என்னங்க, ஊரையெல்லாம் பையில அள்ளிட்டுப் போறீக?"

அவள் சின்னமனூரில் ஒரு பள்ளியின் வரலாற்று ஆசிரியை. 2006 நவம்பர் ஒன்றோடு மொழிவாரி மாநிலங்கள் பிரிந்து ஐம்பது வருடம். தேனியில் நடக்கும் கண்காட்சிக்காக, ஆசாரியின் பட்டறையில் நாள்கணக்காக நின்று அறுத்து வாங்கிய பழைய சென்னை மாகாண வரைபடம் இது. பிள்ளைகளே ஆந்திராவைக் கழற்றலாம், மலபாரைப் பிரிக்கலாம், கன்னியாகுமரியைக் கொண்டுவந்து சேர்க்கலாம்.

கடைசித் துண்டை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுக்கு மட்டும் பெயிண்ட் தீந்துபோச்சா டீச்சர்?"

"அது தேவிகுளம், பீர்மேடு. நம்ம கலரை அடின்னு ஹெச்.எம். சொன்னாக. கேரளாவுக்குப் போனதை நம்மதுன்னு காட்டினா பொய். அது வேணும்னு இங்கன நடந்த போராட்டத்தை மறைச்சாலும் பொய். ஏன் கலரில்லன்னு பிள்ளைக கேக்கட்டும். யாரு சொன்னாலும் மாத்த மாட்டேன்!"

அவன் சிரிப்பு நின்றது. "அங்கனதான் எங்க வீடு. தமிழ் ஸ்கூல்ல நானும் வரலாறுதான் எடுக்கிறேன். பேரு ஆதித்தன். கண்காட்சி முடிஞ்சதும் எங்க பிள்ளைகளுக்கு இதை ஒரு வாரம் குடுப்பீகளா?"

கொடுத்தாள். அவள் அப்பா முத்துவீரனின் ஜீப் தினமும் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு, குமுளி செக்போஸ்ட் தாண்டி கேரளாவில் இருக்கும் அவருடைய ஏலத்தோட்டத்துக்குப் போகும். டிரைவர் சுருளி, வரைபடத்தை அப்படியே ஆதித்தனின் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டான். ஒரு வாரம் மூன்று மாதம் ஆனது. திரும்பும் ஜீப்பில் பிள்ளைகளின் கேள்விகள் வந்தன. 'டீச்சர், கோடு போட்டவங்க எங்க ஊரை வந்து பார்த்தாங்களா?' அதன் கீழே ஆதித்தனின் இரண்டு வரி... பிறகு பத்து வரி... பிறகு முழுசாக ஒரு பக்கம். படிக்கும்போதே அவளுக்குக் காது மடல் சூடாகும்.

அப்படி அவன் எழுதிய ஒரு காகிதம் ஒருநாள் அப்பா கையில் சிக்கியது.

"ஏத்தா, செக்போஸ்ட்டுக்கு அங்கிட்டு நம்ம வீட்ல பொண்ணு குடுத்ததே கெடையாது."

"தெனமும் விடியுறதுக்குள்ள ஏலக்காய்க்கு ஜீப்பை அங்கிட்டுத்தானேப்பா விடுறீக? அப்ப செக்போஸ்ட்டு கண்ணுக்குத் தெரியலையா?"

"வாயாடாத! இனி ஜீப்ல ஒரு காகிதம் ஏறக் கூடாது."

"காகிதம் ஏறாது. நான் ஏறுவேன். கட்டுனா அவரைத்தான் கட்டுவேன்!"

சொன்னபடி, சனிக்கிழமை காலையில் முன்சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். சாவியில் கையை வைத்தபடி சுருளி முதலாளியைப் பார்த்தான். முதலாளி மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவே இல்லை.

"நான் பெத்தது அப்படி," என்று முணுமுணுத்தார் முத்துவீரன். "எடுறா வண்டிய. சாயங்காலம் அந்தப் பயலையும் ஏத்திட்டு வா. நான் பாக்கணும்."

மலையில் சாரல். ஆதித்தனுக்கு அன்று ஸ்பெஷல் கிளாஸ். வாசலில் நனைந்து நின்றவளைக் கண்டதும் எழுந்தான். அதற்குள் பிள்ளைகள் ஓடிவந்து அவளை வரைபடத்திடம் இழுத்துப் போனார்கள்.

"டீச்சர், இந்தத் துண்டை எங்க வைக்கணும்? எங்களையே யோசிக்கச் சொல்லிட்டு, சார் வாயே திறக்க மாட்டேங்கிறாரு!"

அந்த நிறம் பூசாத துண்டை ஆதித்தன் எடுத்து நீட்ட, வாங்கினாள். விரல் பட்டது. கேரளாவோடு சேர்த்து அழுத்தி வைத்தாள்.

"நடந்தது இதுதான். ஏன் நடந்துச்சுன்னு விடாமக் கேளுங்க." பிறகு அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். "அது இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்... நான் இங்கிட்டு வந்துட்டேன். உங்களைத்தான் கட்டுவேன்னு எங்கப்பாகிட்டயே சொல்லியாச்சு. உங்ககிட்டதான் இன்னும் சொல்லல."