ஊசி நின்ற உயரம்

ஊசி தகட்டைத் தொடவில்லை. தொடுவதற்கு நாலு விரல்கடை இருக்கும்போதே, வெறும் காற்றில் நின்றது.

கண்ட்ரோல் பெட்டியின் சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. எதையோ தொட்டுவிட்டதாக நினைத்து இயந்திரம் அந்த உயரத்தைக் குறித்துக்கொண்டது. ஊசியை மேலே தூக்கி, ஒரு நெல்மணி தூரம் வலப்பக்கம் நகர்ந்து, மறுபடி இறக்கியது. மறுபடியும் காற்றில் நின்றது. பாலகணேஷ் குனிந்து, ஊசிமுனைக்கும் மேடைமேல் இருந்த அலுமினியத் தகட்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை. விரல்நுனிகளில் மட்டும் ஒரு குளிர், நெடுநேரம் ஈரத்தில் கிடந்த துணியைத் தொட்டதுபோல.

வெளியே ஐப்பசி மழை பெய்வதும் விடுவதுமாக இருந்தது. நாலு மணிக்கே அறைக்குள் விளக்குப் போடவேண்டியிருந்தது. முத்தையாபுரத்தில் அந்த மாதத்தில் எல்லாமே உப்பு வாசனை அடிக்கும். கொடியில் காயாத சட்டையும், ஜன்னல் கம்பியின் துருவும், துறைமுகச் சாலையிலிருந்து லாரிப் புகையைச் சுமந்துவரும் காற்றும். அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக அவனுக்கு இரண்டு நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியின் வாசனை.

கண்டெய்னர் யார்டில் குளிர்ப்பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. இந்த இயந்திரம் வீட்டில் அவனாகச் செய்துகொண்டது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி மோட்டார்கள் மூன்று பக்கமும் நகர்த்த, சுழலும் வெட்டுமுனை மரத்திலோ செம்புத் தகட்டிலோ கீறிக் கொடுக்கும். வெட்டுமுன் அந்த முனைக்குப் பதில் ஓர் ஊசியை மாட்டி மேடை மேடுபள்ளமாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டு அளக்கலாம். ஊசி தகட்டைத் தொட்டால் மின்சுற்று கூடும். இயந்திரம் அங்கே நின்று உயரத்தைக் குறிக்கும். அவ்வளவுதான் விஷயம். குழந்தைக்கென்று இளமஞ்சள் வண்ணம் அடித்திருந்த அறையில், குழந்தை இல்லாமல் போன பிறகு, சும்மா உட்கார முடியாமல் அவன் ஒவ்வொரு திருகாக முடுக்கிச் சேர்த்தது அது.

ஆரம்பத்தில் அது நிறையவே பொய் சொன்னது. மோட்டாரின் மின் இரைச்சல் ஊசியின் ஒயருக்குள் கசிந்து, தொடாமலே தொட்டதாகக் காட்டும். ஒயர்களைத் தனித்தனியே பிரித்துக் கட்டினான். உறை போட்ட ஒயர் மாற்றினான். கடைசியில் வீட்டின் பழைய எர்த் கம்பி உப்புக் காற்றில் அரித்துப் போயிருப்பதைக் கண்டுபிடித்து, பின்பக்கம் வாழைமூட்டின் அருகே, மண் எப்போதும் ஈரமாக இருக்கும் இடமாகப் பார்த்து, புதிதாக ஒரு எர்த் குழி வெட்டினான். கரி ஒரு அடுக்கு, கல்லுப்பு ஒரு அடுக்கு, நடுவே செம்புக் கம்பி. தினமும் மாலையில் ஒரு குடம் தண்ணீர். யார்டில் எத்தனையோ குழிகள் அப்படி வெட்டியவன்தான். இங்கே மண் கையோடு வந்தது. அடியில் ஏற்கெனவே உப்புப் பரல்கள் கிடந்தன. உப்பளத்து ஊர், இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து இயந்திரம் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

இப்போது இது.

இரைச்சலென்றால் ஓரிடத்தில் நிற்காது. இங்கே ஒருமுறை, அங்கே ஒருமுறை காட்டும். இது அப்படியில்லை. எத்தனைமுறை இறக்கினாலும் அதே இடம், அதே உயரம். மல்டிமீட்டரை வைத்தான், சுற்று திறந்தே இருந்தது, ஊசி எதையும் தொட்டிருக்கவில்லை. ஊசியின் ஒயரைப் பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றித் தொங்கவிட்டான். அப்போதும் ஊசி காற்றில் நின்றது. கடைசியாக எர்த் ஒயரைக் கழற்றினான். ஊசி நேராக இறங்கித் தகட்டில் 'டக்' என்று முட்டியது. எர்த்தை மாட்டினான். நாலு விரல்கடை மேலே, மெதுவாக, எதையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல நின்றது.

போன் அடித்தது. முருகேஸ்வரி. ஆழ்வார்திருநகரியில் தன் அப்பா வீட்டில் இருந்தாள். பங்குனியில் ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே போனவள்.

"ஏங்க, சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன். நீ?"

"ரெண்டு இட்லி எறங்குச்சு. அம்மைக்கு ஒரே சந்தோசம், எதோ நான் பரீட்சையில பாஸானாப்ல." சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டது. "ஞாயித்துக்கெழம வாரேன். அப்பா கொண்டாந்து விடுதேன்னுச்சு."

"வா" என்றான்.

"வாரேன். ஆனா வந்ததும் நீங்க ஒண்ணு சொல்லணும்."

அது என்னவென்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு போனிலும் கேட்பாள். வயிற்றைக் கிழித்து எடுத்தபோது அவளுக்கு நினைவில்லை. மூச்சில்லாத குழந்தையை நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவன்முன் நீட்டியபோது, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுடைய அப்பா, மாமா சிவசுப்பிரமணியன்தான் கை நீட்டி வாங்கினார். எங்கே வைத்தார்கள் என்றுகூட அவன் கேட்கவில்லை.

"மொகம் எப்படி இருந்துச்சுங்க?"

"நல்லா இருந்துச்சுளா."

"நல்லான்னா? ஊர்ல எல்லாப் பிள்ளையுந்தான் நல்லா இருக்கு. ஏம் பிள்ள எப்படி இருந்துச்சு?"

மழை மறுபடி வலுத்தது. "வா, சொல்லுதேன்" என்றான்.

மேடை முழுவதையும் அளக்கும்படி இயந்திரத்துக்குக் கட்டளை கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனான். பின்னால் அது வேலை செய்யும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மோட்டாரின் மெல்லிய முனகல், ஒரு நிறுத்தம், முனகல், நிறுத்தம். தகட்டில் முட்டும் இடங்களில் 'டக்'. இடையிடையே அந்த 'டக்' இல்லாத மௌனங்கள். மௌனங்கள் வரவர நீண்டன. சோறு பொங்கி வழிவதைக் கவனிக்காமல் அவன் அவற்றையே கேட்டுக்கொண்டு நின்றான்.

அவன் அறைக்குத் திரும்பியபோது கம்ப்யூட்டர் திரையில் படம் கீழிருந்து மேலாக உருவாகிக்கொண்டிருந்தது. தகடு இருக்குமிடம் நீலம். நடுவே பச்சையும் மஞ்சளுமாக ஒரு மேடு. நீளவாக்கில், ஒரு முழத்துக்கும் குறைவு. ஒரு பக்கம் குறுகி, இரண்டாகப் பிரிந்து, மடங்கி இருந்தது. முழங்கால்கள்.

மேலே தோள் தெரிய ஆரம்பித்தபோது அவன் இயந்திரத்தின் மின் ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

காலையில் பக்கத்து வீட்டுச் சங்கரம்மாள் தூக்குவாளியோடு வந்தாள். முருகேஸ்வரி போனதிலிருந்து அவனுக்கு வாரத்தில் பாதி நாள் குழம்பு அவள் வீட்டிலிருந்துதான்.

"ஏலே கணேசு, ஒம் மிஷினு ராத்திரி என்னல பண்ணுச்சு? நான் திருடன்னு நெனச்சு வெளக்கமாத்தத் தூக்கிட்டு எந்திரிச்சுட்டேன்."

"ராத்திரி ஓடல பெரியம்ம. ஒயரையே கழத்திப் போட்டுட்டனே."

"எனக்கு வயசாயிட்டுதுதான், காது இன்னும் செவிடாகல. டக்கு டக்குன்னு கேட்டுச்சு."

பேசிக்கொண்டே வாளியைக் கழுவப் பின்பக்கம் போனவள் திரும்பி வரவில்லை. அவன் எட்டிப் பார்த்தான். வாழைமூட்டுக்கு அருகே, மழையில் நனைந்தபடி, எர்த் குழியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். வாளி கீழே கிடந்தது.

"இதை யாருல தோண்டுனா?"

"நாந்தான். எர்த்துக்கு."

"எடமா இல்ல ஒனக்கு?" அவள் குரல் உடைந்தது. "அங்கன போயா தோண்டுவ? ஒங்க மாமா ஒண்ட்ட சொல்லவே இல்லையா?"

அவன் படியிறங்கி மழைக்குள் வந்தான்.

"பல்லு மொளைக்காத பிள்ளைய எரிக்கக்கூடாதுன்னு இங்கனதான் வச்சோம். சுடுதண்ணி போட்டு நாந்தான் குளுப்பாட்டுனேன். கன்னத்துல மை வச்சேன். ஒரு படி உப்பு போட்டு மூடுனோம்." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அது தூங்கிட்டு கெடந்துச்சுல. தெனமும் தண்ணி ஊத்தி ஊத்தி எழுப்பிட்டியே."

அவள் போன பிறகும் நெடுநேரம் அவன் அங்கேயே நின்றான். செம்புக் கம்பி மண்ணிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கட்டிய பச்சை ஒயர் சுவரோரமாக ஓடி, ஜன்னல் வழியாக, இளமஞ்சள் அறைக்குள் போயிற்று. முருகா என்றான். கந்தசஷ்டிக்குத் திருச்செந்தூரில் இரண்டு பேரும் ஆறு நாளும் பால்பழம் மட்டும் எடுத்து விரதமிருந்து கேட்ட பிள்ளை.

செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. முருகேஸ்வரி வருமுன் கம்பியை எடுத்துவிட்டு, மண்ணைப் பழையபடி போட்டு மூடிவிட வேண்டும். இப்போதுதான் இரண்டு இட்லி இறங்குகிறது அவளுக்கு. இது தெரிந்தால் திரும்ப எழுந்திருக்க மாட்டாள். முகத்தைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். உன்னைப்போல இருந்தது என்று சொன்னால் எந்தத் தாய்தான் மறுப்பாள்.

ஞாயிறு மதியம் மழை நின்று, வானம் கரிச்சட்டியின் அடிபோல இருந்தது. மாமா அவளைக் கூட்டிக்கொண்டு மாலையில்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். அவன் குழியருகே மண்டியிட்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஆட்டாமல், நோகாமல், மேலே இழுத்தான். மண் விடவில்லை. பிறகு விட்டது. கம்பி வந்த துளைக்குள் தண்ணீர் ஊறி நிறைந்தது. கையால் கரியை அள்ளினான், உப்பை அள்ளினான். நல்ல மண்ணைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் தட்டினான். பிள்ளையைத் தூங்கப்பண்ணுகிறவர்கள் தட்டுகிற மாதிரி தட்டுகிறோம் என்பது பாதியில்தான் உறைத்தது. நிறுத்தவில்லை.

வீட்டுக்குள் மோட்டார் முனகியது.

இழுத்ததில் அறுந்த பச்சை ஒயரின் நுனி அவன் காலடியில் கிடந்தது. கம்பி அவன் கையில் இருந்தது.

முனகல். நிறுத்தம். முனகல்.

ஓடினான். முன்கதவு திறந்திருந்தது. வாசலில் அவளுடைய செருப்பு. நடையில் அவளுடைய பை. முன்னதாகவே பஸ் பிடித்துத் தனியாக வந்திருக்கிறாள்.

முருகேஸ்வரி இயந்திரத்தின்முன் நின்றுகொண்டிருந்தாள். மெலிந்து, தலையில் மழைத்துளிகளோடு. ஊசி வெறும் காற்றில் இறங்கி இறங்கி எழுந்தது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முருகேசு, இங்கன வா. அதப் பாக்காத."

அவள் திரும்பவில்லை.

திரையில் தோள் முடிந்திருந்தது. தாடை. மூடிய வாய். கன்னத்தின் வளைவு. ஊசி ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போயிற்று. அன்று பிடுங்கிய மின் ஒயர் தரையில்தான் கிடந்தது. அவன் சுவரிலிருந்த சுவிட்சையும் அணைத்தான். ஊசி நிற்கவில்லை.

"ஒங்க மூக்கு" என்றாள் அவள். மிக மெதுவாக. "ஏங்க, ஒங்க மூக்குல்லா. இத சொல்லதுக்கா இத்தன நாளு?"

அவனுக்கு அழுகை வந்தது. அவளும் அழுதாள். ஆனால் அவள் முகம் பங்குனிக்கு முன்பிருந்த முகமாக இருந்தது.

"இந்தத் தகரத்துலயா போட்டு வச்சிருக்கீங்க? சில்லுன்னு இருக்கு." கையை மேடைமேல் நீட்டினாள். "தூக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவனுக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்ட விதத்தில், அந்த ஒரு சொல்லை மறுப்பதைவிடக் கொடுமை உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

"தூக்கு" என்றான்.

அவள் ஒரு கையைத் தலைக்கும் ஒரு கையை முதுகுக்கும் கொடுத்து எடுத்தாள். கைகள் கனத்தில் தாழ்ந்தன.

ஊசி இறங்கியது. டக். நகர்ந்தது. டக். டக். மேடை முழுவதும் தகடுதான்.

முருகேஸ்வரி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். வளைந்த கைகளுக்குள் ஒன்றுமில்லை. வெறும் காற்று. அவன் அதையே பார்த்தான்.

"குளுருது பிள்ளைக்கு. ஒரு துண்டு எடுங்க."

எடுத்தான். வெள்ளைத் துண்டு. அவள் கைகள்மேல் விரித்தான். இவளுக்காக. இவள் மனசு ஆறட்டும் என்று.

துண்டு விழவில்லை.

வட்டமாக ஒன்றின்மேல் நின்றது. அதற்குக் கீழே நீளமாகப் படிந்தது. மடங்கிய முழங்கால்கள்மேல் சுருங்கியது. பிறகு ஏறியது. இறங்கியது. ஏறியது.

"முருகேசு."

"ஷ்ஷ்."

துண்டின் நடுவில் சின்னதாக ஒரு குழி விழுந்தது. வாயளவு. மூடியது. மறுபடி விழுந்தது. துணி உள்ளே இழுபட்டது.

"பசிக்குது போல" என்றாள். ரவிக்கையின் கொக்கியில் கை வைத்தாள்.

அவள் உதடுகளில் இரத்தமில்லை. துணி உள்ளே இழுபடும் ஒவ்வொரு முறையும் அவள் விரல்நகங்கள் இன்னும் வெளுத்தன.

துண்டு, தானாக, அவள் மார்பை நோக்கித் திரும்பியது.