முப்பத்தேழாவது வீடு

மழைக்கு நேரங்காலம் ஏது? திருச்செங்கோடு மலைக்குப் பின்னாலிருந்து கிளம்பிய மேகம், தேவிப்ரியா பேருந்து நிலையத்துக்குப் பாதி தூரம் நடந்ததும் கொட்டித் தீர்த்தது. தோளில் சர்வே பை. உள்ளே சுகர் பார்க்கும் கருவி, அறுபது வீட்டுப் படிவங்கள்... நாலே எட்டில் ஒரு போர்வெல் பட்டறையின் தகரக் கூரைக்குள் பாய்ந்தாள். பாய்ந்த வேகத்தில் ஒருவன் மேல் மோதினாள்.

"பாத்துங்க..."

கையெல்லாம் கிரீஸ். ஆனால் அந்தக் கண்கள்... அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தையின் கண்கள் போல அத்தனை தெளிவு. அவன் பக்கத்தில் கிடந்த தார்ப்பாயை இழுத்தான். தன்னைத்தான் போர்த்தப் போகிறான் என்று அவள் கூச்சத்தோடு ஒதுங்க, அவனோ பையைப் போர்த்தினான்.

"நீங்க நனைஞ்சா காஞ்சுக்குவீங்க. பையில என்னமோ முக்கியமானது இருக்குதாட்ட. அப்படிக் கட்டிப் பிடிச்சிட்டு வாரீங்களே."

கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது. சேலத்திலிருந்து வருவதாகவும், ஊர் ஜனங்களுக்கு சுகரும் பிரஷரும் எவ்வளவு என்று கணக்கெடுப்பதாகவும் சொன்னாள்.

"யாருகிட்ட எடுக்கறீங்க?"

"குலுக்கல்ல வந்தவங்கள்ல, கதவைத் திறக்கிறவங்ககிட்டதான்."

"அப்ப அது ஊர்க் கணக்கு இல்லீங்களே... கதவு திறந்தவங்க கணக்கு. என்னையாட்ட போர் போடற ரிக் வண்டியில வருசத்துக்கு எட்டு மாசம் வெளியூர்ல கெடக்கறவன் அதுல எங்கீங்க வாரான்?"

தேவிப்ரியாவுக்குச் சிலிர்த்தது. மூன்று நாள் பயிற்சியில் படம் போட்டுப் போட்டு விளக்கியதை, இவன் மழைக்கு ஒதுங்கிய நேரத்தில் சொல்லிவிட்டானே...

"வெளியூர் போனவங்க மட்டுமில்லங்க," என்றாள் உற்சாகமாக. "வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு இல்லைன்னு சொல்றவங்களும் உண்டு. முப்பத்தேழாவது வீடுன்னு ஒண்ணு... ரெண்டு தடவை போயாச்சு. அண்ணன் ஊர்ல இல்லீங்கன்னு தங்கச்சி சொல்லுது. வாசல்ல ஆம்பளைச் செருப்பு கிடக்குது. வார் அறுந்து, நீல ஒயர்ல கட்டி..."

அவன் மெல்லக் குனிந்து தன் காலைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். நீல ஒயர்.

"அப்ப... உள்ளதான் இருந்தீங்களா?"

"ஆமாங்க." குரல் இறங்கிவிட்டது. "பக்கத்து ஊட்டுல எடுத்துக்குங்களேன்."

"முடியாதுங்க. குலுக்கல்ல வந்தது நீங்க. உங்களுக்குப் பதிலா வேற ஒருத்தரை எழுதினா அது பொய்க் கணக்கு. வராதவங்களும் வந்தவங்க மாதிரியேதான் இருப்பாங்கன்னு யாரு சொன்னது?"

"எழுதாமயே உட்டுருங்க."

"ஏன், பயமா?"

அவன் முகம் சட்டென்று இறுகியது. கொட்டும் மழையில் இறங்கி நடந்துவிட்டான். அந்தக் கடைசி வார்த்தையை ஏன் கேட்டோம் என்று அவளுக்கு அப்போதே உறுத்தியது.

சேலம் பஸ்ஸில் தோழி கயல்விழி, அவளோடு சர்வேக்கு வருபவள், அலுத்துக்கொண்டாள். "மறுத்துட்டார்னு போட்டு முடி தேவி. நாளை மறுநாளோட வேலை முடியுது." தேவிப்ரியாவுக்குப் பேனா ஓடவில்லை. இன்னும் ஒரு தடவை போகலாமே... சர்வே விதியே மூன்று தடவைக்கு இடம் தருகிறதே. விதி மட்டும்தானா காரணம் என்று மனசு கேட்டது.

மறுநாள் முப்பத்தேழாவது வீட்டு வாசலில் தங்கை ரஞ்சிதாதான் நின்றாள். இந்த முறை அண்ணன் ஜெயபிரகாஷ் நிஜமாகவே வீட்டில் இல்லை.

"பெரியண்ணனுக்கு ஒரு கேம்ப்புல சுகர்னு சொல்லிப் போட்டாங்கக்கா. அது எப்படியோ வெளிய போயி, நிச்சயம் பண்ண கல்யாணம் நின்னு போச்சு. ரிக்குக்குப் போறவங்களுக்குப் பொண்ணு கெடைக்கறதே பெரும்பாடு... அதுக்கப்புறம் சின்னண்ணன் யாருகிட்டயும் கையை நீட்டறதில்ல. நாளைக்கு மத்தியானம் சத்தீஸ்கருக்கு வண்டி கிளம்புதுங்க. திரும்ப எட்டு மாசம் ஆகும்."

எட்டு மாசம்... தேவிப்ரியா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

"பயமான்னு நான் கேட்டது தப்புன்னு அண்ணன்கிட்ட சொல்லும்மா. படிவத்துல பேரு இருக்காது, எங்க மூலமா நம்பர் வெளிய போகாது. நாளைக்குக் காலையில சமுதாயக் கூடத்துல இருப்போம். இஷ்டமிருந்தா வெறும் வயித்தோட வரட்டும். இல்லேன்னாலும் எனக்கு வருத்தமில்ல."

வருத்தமில்லையாம். மறுநாள் காலை எட்டு மணியிலிருந்து அவள் கண் வாசலை விட்டு நகரவில்லை. ஒன்பது... பத்து... பத்தரைக்கு, தலை ஈரம்கூடக் காயாமல், வெள்ளைச் சட்டையில் அவன் வந்து நின்றான்.

"பச்சைத் தண்ணிதான் குடிச்சேனுங்க," என்றபடி உட்கார்ந்து கையை நீட்டினான்.

தேவிப்ரியா ஊசியை எடுத்தாள்... வைத்துவிட்டாள். "கயல், இவரை நீ பாரு," என்றவள் விறுவிறுவென்று வெளியே போய்ப் பாதாம் மரத்தடியில் நின்றுகொண்டாள்.

சற்றைக்கெல்லாம் விரலில் பஞ்சோடு அவன் வந்தான்.

"ஏனுங்க... மூணு வாட்டி ஊடு தேடி வந்தீங்க. நானா வந்தா எந்திரிச்சுப் போறீங்க?"

அவள் வாய் திறக்குமுன் அவனே சொன்னான்.

"வெறும் வயித்துலயே நூத்தி நாப்பதுங்க. டாக்டரைப் பாக்கச் சொல்லிச் சீட்டுக் குடுத்திருக்காங்க. எங்கம்மாளுக்குக்கூட இன்னும் தெரியாது... மொதல்ல உங்ககிட்டத்தான் சொல்றேன். பின்னால யாரோ சொல்லித் தெரிஞ்சு நீங்க ஒதுங்கறதுக்கு, இப்பவே ஒதுங்கிட்டீங்கன்னா தாங்கிக்கலாம்."

மறைத்து மறைத்து வைத்திருந்ததை இப்படி உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறானே... அவளுக்குக் கண் கலங்கியது. கலங்கியதை மறைக்கத் தோன்றவில்லை.

"நான் ஏன் எந்திரிச்சு வந்தேன் தெரியுமாங்க? வேண்டப்பட்டவங்களை நாங்க சர்வே எடுக்கக் கூடாது."

"அதுக்கென்னங்க... நான்..." அவன் பாதியில் நிறுத்தினான். புரிந்துவிட்டது. காது மடல்வரை சிவந்து போனான்.

"டாக்டரைப் பாத்துட்டுத்தான் வண்டி ஏறணும்," என்றாள் அவள். "எட்டு மாசம்னாலும் காத்திருக்கேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க... அந்த நூத்தி நாப்பதோட சேர்த்துத்தான்."