முன்வாக்கு

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பத்து மணிக்குச் சென்னை ஆய்வகத்தில் அந்த உலோகத்தைப் பேச வைப்பார்கள். அதற்குள் மோகனப்பிரியாவின் கையெழுத்து வேண்டும்.

அகிலேஷ் கோயம்புத்தூர் ஒண்டிப்புதூரில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். அவனுக்கு அறுபத்திரண்டு வயது. பந்தய எஞ்சின் பாகங்கள் செய்யும் ‘விசையக’த்தின் தலைவன். அவள் அவனைவிட ஐந்து வயது மூத்தவள். முப்பத்தொரு வருடங்களுக்கு முன் அங்கே உலோகம் கடையும் லேத் ஓட்டியவள்.

"யாருங்க?"

"அக்கா, நான் அகிலேஷ்."

தாழ்ப்பாள் விலகியது.

"சின்னவரா? முடியெல்லாம் எங்கீங்க போச்சு?"

அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. அவள் நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு அவனை உட்காரச் சொன்னாள்.

தடவாசிப்பான் வந்து ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன. உலோகத்தைக் கடையும்போது கருவியின் முனை நடுங்குகிறது. பக்கத்தில் யாராவது பேசினால் அந்தப் பேச்சுக்கும் நடுங்குகிறது. கடைசி வெட்டின் நடுக்கம் உலோகத்தின் மேல் தங்கிவிடுகிறது. தடவாசிப்பான் அதை ஒளியால் தொட்டுத் திரும்பக் குரலாக்கியது. பாலத்துத் திருகாணிகள் பேசின. துப்பாக்கிக் குழல்கள் பேசின. பட்டறைகளில் மனிதர்கள் பேசுவதை நிறுத்தினார்கள்.

பிறகு ஒரு சட்டம் வந்தது. வாசிப்புக்கு முன்பே, பாதிக்கப்பட்டவரிடம் நேரில் போய்க் குற்றத்தைச் சொல்லி, அவர் கையெழுத்தைப் பெற்றுவிட்டால் சிறை இல்லை. அதற்கு முன்வாக்கு என்று பெயர். ஊரில் மன்னிப்புக் கேட்பவர்கள் பெருகினார்கள். எல்லோரும் வாசிப்புக்கு முந்தின நாள் வந்தார்கள். அகிலேஷ் அன்று காலையில்தான் வந்தான்.

"விசையகத்துப் புஸ்தகம் பாத்தேனுங்க," என்றாள் அவள். "அம்பது வருச வரலாறு. பக்கத்துக்குப் பக்கம் குரல் வேற கேக்குது. உங்கப்பா பேசறது நல்லாருந்துச்சு."

விசையகத்தின் முதல் பிஸ்டனில் அப்பாவின் குரல் இருந்தது. ‘மெதுவா, மெதுவா... அட, போச்சு.’ அதைக் கேட்டு ஊரே சிரித்தது. ஒரு கேம்ஷாஃப்டில் இரண்டு பேர் பிரியாணிக்குச் சண்டை போட்டார்கள். விற்பனை கூடியது.

2034ஆம் வருடத்துக்கு ஒரே ஒரு வரி. ‘தொழிலாளி ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து நிறுவனத்தை ஆழ்ந்த துயரில் ஆழ்த்தியது.’ அந்தப் பக்கத்தில் குரல் இல்லை.

விபத்தில் இறந்தவன் ஜோயல், பந்தய வண்டி ஓட்டியவன். இருபத்திரண்டு வயது. வளைவில் அவன் வண்டியின் கனெக்டிங் ராடு இரண்டாக முறிந்து எஞ்சினைத் துளைத்து வெளியே வந்தது. எண்ணெய் பின்சக்கரத்தில் கொட்டியது. முறிந்த ராடை அவன் அம்மா வைத்திருந்தாள். புத்தகத்தைப் பார்த்துவிட்டு, போன வாரம் அதை ஆய்வகத்தில் கொடுத்தாள்.

அகிலேஷ் பையிலிருந்து தாளை எடுத்தான். வழக்கறிஞர் ரெஹானா எழுதிக் கொடுத்தது. "கீழ்க்கண்ட நிகழ்வு தொடர்பாக, விசையகத்தின் அப்போதைய உற்பத்தி மேலாளராகிய நான்..."

"படிக்காதீங்க. சொல்லுங்க."

அவன் தாளை மடியில் வைத்தான்.

"ராடைக் கடைஞ்சுட்டிருக்கும்போதே நீங்க விரிசல் கோட்டைக் காட்டினீங்க. மயிரிழை மாதிரி. வேற ராடு பண்ண மூணு மணி நேரம் ஆகும்னீங்க. வண்டி கிளம்பணும், இதையே போடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"விசாரணையில?"

"அக்கா எங்கிட்ட எதையும் காட்டலன்னு சொன்னேன்."

"அன்னிக்கு அழுதீங்க சார். நெசமாலுமே அழுதீங்க. பாத்துட்டு, ஒருவேளை நாமதான் காட்டலையோன்னு எனக்கே ஆயிருச்சு."

அதற்குப் பிறகு கோயம்புத்தூரில் எந்தப் பட்டறையும் அவளுக்கு வேலை தரவில்லை. திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினாள். பையனைக் கொன்றவள் என்று அங்கேயும் ஒருவன் கண்டுபிடித்துச் சொன்னான். இதையெல்லாம் அவன் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தான். விசாரித்தது நேற்று.

"இதுல போட்டா என்னாகும்?"

"நான் சொன்னது பதிவாகும். தப்பு உங்களோடது இல்லன்னு ஆயிடும். புத்தகத்துல அந்த வரிய மாத்தணும். ஜோயலோட அம்மாவுக்கும் தெரிவிப்பாங்க."

"உங்களுக்கு?"

"ஜெயில் இல்ல."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். லேத்தில் அளவு பார்ப்பவளின் வேகம். அவன் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். ஒன்பது நாற்பத்தொன்று.

அவள் பேனா கேட்டாள். கொடுத்தான்.

அவன் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. ரெஹானா. சின்ன அறை. அவள் குரல் இருவருக்கும் கேட்டது.

"சார், முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க. முடிஞ்சும் போச்சு. ஒண்ணுமே இல்ல சார், வெறும் இரைச்சல். கடைஞ்சதுக்கு அப்புறம் யாரோ எமரித்தாள் போட்டு மொத்தத்தையும் தேய்ச்சிருக்காங்க. துளி குரல் இல்ல. அந்தம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்களா? போடலன்னா தாளை வாங்கிட்டு வந்துடுங்க, இனி சாட்சியே இல்ல. சார்? கேக்குதா?"

அவன் துண்டித்தான்.

நெஞ்சில் முதலில் வந்தது நிம்மதி. அது முகத்துக்கும் வந்திருக்கும். அவள் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தானுங்க தேச்சேன்," என்றாள். "நீங்க போடுங்கன்னு சொல்லிட்டுப் போனீங்க. மனசு கேக்கல. தேச்சா கோடு போயிருமான்னு பாத்தேன். அரை மணி நேரம். பளபளன்னு வந்துச்சு. கண்ணுக்குப் போயிருச்சு, உள்ள போகல."

"அப்போ... அது பேசாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இந்த மெஷினு வந்த அன்னிக்கே தெரியும். இல்லீன்னா நானே ஜோயல் அம்மா கால்ல விழுந்து ராடை வாங்கி ஆய்வகத்துல குடுத்திருக்க மாட்டனா?"

"தெரிஞ்சுமா என்னைப் பேச விட்டீங்க?"

அவள் தாளை நாற்காலியின் கையில் வைத்து நேராக்கினாள். பெயருக்குக் கீழே விட்டிருந்த இடத்தில் பேனா முனையை வைத்தாள். வைத்தபடி நிமிர்ந்தாள்.

"போடட்டுங்களா, சார்?"